விட்ட அரிசி

“சாமி, இது நியாயமா?”

வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது. வந்ததும் வராததுமாக அம்பலவாணர் கத்தினார்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம் அது. அங்கே குருவுக்கு வயது குறைவு, சீடருக்குத்தான் அதிகம். அம்பலவாணர் பேரன் எடுத்தவர். குருபூசையன்று பல்லக்கின் முன்கொம்புக்குத் தோள் கொடுப்பவர் அவர்தான். அந்த இடத்தை வேறொருவர் தொட்டால் அடிதடி.

“எது?” என்றார் குரு.

அம்பலவாணர் வலது காலை நீட்டினார். குருவுக்கு நேராகக் காலை நீட்டுகிறோமே என்ற நினைப்புகூட இல்லை. பெருவிரலில் பெரிய கட்டு.

“டாக்டர் சொல்லிட்டாரு. சுகர் இறங்கலைன்னா புண் ஆறாதாம், விரலை எடுக்கணுமாம். விரல் போயிட்டா நான் எப்படிச் சாமி பல்லக்குத் தூக்குவேன்?”

“மருந்து?”

“வேளை தவறாமப் போடுதேன்.”

“சாப்பாடு?”

அவ்வளவுதான். மனுஷன் எகிறிவிட்டார்.

“சாப்பாடா! சோத்தைக் குறைன்னாரு. குறைக்கவா செஞ்சேன்? அடியோட விட்டேன்! சித்திரையில விட்டது, ஆடி முடியப் போகுது. ஒரு பருக்கை வாயில வைக்கலை. பந்தியில எல்லாரும் குழம்பை ஊத்திப் பிசையுதாங்க. நான் விரதக்காரன் மாதிரி பலகாரத்தைத் தின்னுட்டு எந்திரிக்கேன். ஆனா எனக்குத்தான் சுகர் ஏறுது! என்ன சாமி உங்க கடவுள்?”

குரு அவரைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க விட்ட அரிசி எங்கே?”

“என்னது?”

“விட்ட அரிசி. கொண்டு வாங்க, பார்ப்போம்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதப் பிறப்பன்று ஒவ்வொரு சீடருக்கும் அவரவர் பானையில் அரிசி அளந்து போட்டுவிடுவார்கள். அவரவர் சாப்பாடு அவரவர் பானையிலிருந்து.

சித்திரையிலிருந்து சோறு வடிக்காத பானை! எவ்வளவு சேர்ந்திருக்கும்! தூக்க ரெண்டு ஆள் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே அம்பலவாணர் நொண்டி நொண்டிப் போனார்.

மூடியைத் திறந்தார்.

ஒரு பிடி அரிசிகூட இல்லை.

“அடப்பாவிகளா! களவு! மடத்துக்குள்ளேயே களவு!”

அடுக்களையிலிருந்து மாடத்தி எட்டிப் பார்த்தாள். அவளும் அங்கே சீடர்தான். சமையலும் அவள் பொறுப்பு.

“என்ன அண்ணாச்சி?”

“என் அரிசி எங்கே?”

“செலவாயிட்டு.”

“சோறே திங்காதவனுக்கு என்ன செலவு? எவன் வீட்டுக்குப் போச்சு? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா மாடத்தி?”

மாடத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியைக் கீழே போட்டாள்.

“என்னையா களவாணின்னு சொல்லுதிய? காலையில எட்டு இட்லி யாருக்கு? சாயங்காலம் இடியாப்பம் யாருக்கு? ராத்திரி தோசையைத் தின்னுட்டு, பத்தலை இன்னும் ரெண்டு ஊத்துன்னு கேக்கது யாரு? சோத்தை விட்ட நாள்லேருந்து உங்க பானை பத்தவே மாட்டேங்கு. என் பானை அரிசியையும் போட்டுல்லா அரைக்கேன்!”

“பேச்சை மாத்தாத! நான் அரிசியைக் கேட்டா நீ தோசையைச் சொல்லுத. தோசைக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

மாடத்திக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அம்பலவாணர் காலிப் பானையைப் பார்த்தார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். பானையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார்.

“சாமி, உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? என் விரல் சாமி இது!”

குருவுக்கும் கோபம் வரும். அன்றைக்கு வந்தது.

“வைகாசியில சொன்னேன், ஆனியில சொன்னேன். கொஞ்சமா சாப்பிடுங்க அம்பலவாணரேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ‘நான் எங்க சாமி சாப்பிடுதேன்’னீங்க. சொல்லும்போதே வாயில இட்லி!”

அம்பலவாணர் பானையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் பந்தி போட்டார்கள். மாடத்தி அவர் முன்னால் தட்டை ணங்கென்று வைத்தாள். கோபம் ஆறவில்லை. எப்படி ஆறும்? களவாணிப் பட்டம் அல்லவா கட்டியிருக்கிறார்! கீரையை வைத்தாள், அவித்த பயறை வைத்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல்லைக் காயவைத்தாள். மாவுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பந்திக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

“அண்ணாச்சி! சோறு எத்தனை ஊத்தணும்?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்பலவாணர் சிரிக்கவில்லை.

“ஒண்ணு போதும், தாயீ.”