தொரட்டிக்கு எட்டாத நிலாவும் நாச்சிமுத்து கல்யாணமும்

நொச்சிவலசு என்று மேப்பில் தேடினால் கிடைக்காது. மேப் போடுகிறவர் ஒருமுறை வண்டியில் வந்து, "இது என்னங்க?" என்று கையை நீட்டிக் கேட்டிருக்கிறார். அர்த்தநாரி அந்தக் கை போன திசையில் கவனமாகப் பார்த்துவிட்டு, "அது எருக்குழிங்க" என்றார். வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஊர் இன்றைக்கும் அந்தப் பேரில்தான் மேப்பில் இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு விஞ்ஞான சபை உண்டு. சபைக்கு நாலு பேர். போன் அர்த்தநாரியுடையது, அதனால் அவர் தலைவர். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத மனுசன். அடுத்து பழனாத்தாள் அக்கா, எதையும் சந்தேகப்படுகிறவர். காளியண்ணன், எதையும் சந்தேகப்படாதவர். நாலாவது ஆள் நாச்சிமுத்து, நம்ம மாப்பிள்ளை. நாலு பேருக்கும் அறிவு சரிசமம், அதனால் சபைக்குள் பொறாமை என்பதே கிடையாது.

சபை ஆரம்பித்ததே நாச்சிமுத்துவின் கல்யாணத்துக்காகத்தான். பக்கத்து ஊரில் மேகலா என்று ஒரு பெண்ணைப் பார்க்கப் போனான். அந்தப் பெண் காபியைக் கொடுத்து, "சக்கரை போதுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றது. இவன் டம்ளருக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "தெரியலீங்க, கரைஞ்சிருச்சு" என்றான். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பில் விழுந்தவன், அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை.

பெண்ணின் அப்பா சென்னியப்பன், லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போனில் அறிவியல் செய்தி படிப்பார். படித்து முடித்ததும் செய்திக்குக் கீழே கருத்துப் பகுதியில் இறங்கிச் சண்டை போடுவார். அப்புறம்தான் பல் விளக்குவார்.

"மாப்ள, வருசக் கணக்கா நான் அங்க வாதாடறேன்" என்றார் அவர். "ஒருத்தன்கூட 'நீ சொன்னதுதான் சரி'ன்னு சொன்னதில்லை. எனக்குத்தான் குடுப்பினை இல்லை. வர்ற மருமகனாவது அங்க ஒரு வாதத்துல ஜெயிக்கோணும். ஆவணி பொறக்கறதுக்குள்ள ஜெயிச்சா பொண்ணு உங்களுக்கு. இல்லீன்னா காங்கயத்துல கோழிப்பண்ணைக்காரர் பையன் காத்துக்கிட்டிருக்கான்."

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. முட்டையைப் பார்த்தாலே அழுதான். பொறுக்க முடியாமல்தான் மற்ற மூணு பேரும் சபை கூட்டினார்கள். நாச்சிமுத்து எழுதுவது, மற்றவர்கள் யோசிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. நான் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பேன். என்ன செய்வது, இல்லை.

கருத்துப் பகுதியில் எழுத ஒரு கணக்கு ஆரம்பிக்கப் போனால், "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடவும்" என்றது போன். நொச்சிவலசில் யாரும் சிக்னல் விளக்கைப் பார்த்ததில்லை.

"பாக்காத சாமானைத் தொட்டுட்டு, அப்புறம் நாம ரோபோவா இருந்துட்டா?" என்றார் பழனாத்தாள்.

நியாயமான பயம். நாலு பேரும் பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போய் ஒரு நாலு ரோட்டில் நின்றார்கள். சிவப்பு விழுந்ததும் நின்றார்கள். பச்சை விழுந்ததும் ரோட்டைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் மறுபடி சிவப்பு, நின்றார்கள். பச்சை, திரும்பி வந்தார்கள். இப்படியே சாயங்காலம் வரைக்கும் போய்ப் போய் வந்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் மனமிரங்கி, "ஊருக்குப் போங்கய்யா" என்று உத்தரவு போட்டார். அவர் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும்.

ஊருக்கு வந்து போனைத் திறந்தால், அது இப்போது படிக்கட்டு கேட்டது. நல்லவேளை, காளியண்ணன் வீட்டில் படிக்கட்டு இருந்தது.

அன்றைய செய்தி நிலாவைப் பற்றியது. நிலா வருஷா வருஷம் பூமியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறதாம். "கருத்திடும் முன் செய்தியை முழுமையாகப் படிக்கவும்" என்று போட்டிருந்ததால், சபை ஒரு எழுத்து விடாமல் படித்தது. நடுவில் வந்த மூட்டுவலித் தைல விளம்பரத்தையும் சேர்த்துத்தான்.

"மூட்டு வலியோட நிலா எப்படி அவ்வளவு தூரம் போகும்?" என்றார் காளியண்ணன். "அதனாலதான் மெதுவாப் போகுதாட்ட இருக்கு" என்றார் அர்த்தநாரி.

பழனாத்தாளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற நீளத் தொரட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் களத்துக்குக் கூட்டிப் போனார். அந்தி நிலா அப்போதுதான் மேலே வந்திருந்தது.

"போன வருசம் இந்தத் தொரட்டி நிலாவுக்கு எட்டுச்சா?"

"எட்டலீங்க அக்கா" என்றான் நாச்சிமுத்து.

"இப்ப எட்டுதா பாருங்க."

காளியண்ணன் தூக்கிப் பார்த்தார். குதித்தும் பார்த்தார். "எட்டலீங்க."

"அப்பவும் எட்டலை, இப்பவும் எட்டலை. தூரம் அப்படியேதான் இருக்கு."

"குதிச்சதையும் எழுதிரு" என்றார் அர்த்தநாரி. "விஞ்ஞானத்துல ஒளிவுமறைவு கூடாது."

நாச்சிமுத்து அப்படியே எழுதினான். கொஞ்ச நேரத்தில் உண்மைவிளம்பி என்ற பேரில் ஒருவர் பதில் போட்டார்.

"யோவ், நிலாவுல கண்ணாடி வெச்சுட்டு வந்திருக்காங்க. இங்கிருந்து லேசர் அடிச்சு, வெளிச்சம் போய்த் திரும்பற நேரத்தை வெச்சு அளக்கறாங்க. வருசத்துக்குக் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போகுது. புரியலைன்னா போய்ச் சுவத்துல முட்டிக்கோ."

சபை அதை ரெண்டு தரம் படித்தது. இவ்வளவு தெளிவாக யாரும் அவர்களுக்கு வழி சொன்னதில்லை.

"எந்தச் சுவருன்னு சொல்லலையே" என்றார் காளியண்ணன்.

"படிச்சவங்க பொதுவாத்தான் சொல்லுவாங்க. நாமதான் பாத்துக்கோணும்" என்றார் அர்த்தநாரி.

தண்ணீர் ஊறிய சுவர் மெத்தென்று இருக்கும், அதில் முட்டினால் பலன் சரியாகத் தெரியாது என்று தள்ளிவிட்டு, ரேஷன் கடைச் சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வரிசையில் நின்று முட்டினார்கள். அரிசி வாங்க வந்தவர்கள், இது ஏதோ புது விதிமுறை என்று நினைத்துப் பின்னால் நின்றார்கள். நாச்சிமுத்து அறிக்கை எழுதினான்: "முட்டினோம். வலது பக்கம் கொஞ்சம் புடைப்பு. நிலா விஷயத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அடுத்து என்ன செய்ய?"

உண்மைவிளம்பிக்கு இப்படி ஒரு பதில் அதுவரை வந்ததில்லை போலிருக்கிறது. "நக்கலா? போய் நாலெழுத்துப் படிச்சிட்டு வா" என்றார்.

படித்தார்கள். எந்த நாலு என்பதில் காலை முழுக்க விவாதம் நடந்து, கடைசியில் முதல் நாலையே வைத்துக்கொண்டார்கள். "அ, ஆ, இ, ஈ படித்தோம். மூன்றாவதில் காளியண்ணனுக்குக் கொஞ்சம் திணறல். இப்போது பரவாயில்லை."

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு. போ."

போனார்கள். சபையில் யாரிடமும் மாடு இல்லாததால், மணியகாரர் வீட்டு எருமைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். மணியகாரர் போலீசுக்குப் போக இருந்தார். நாச்சிமுத்து போனைக் காட்டி, "மேலிடத்து உத்தரவுங்க" என்றதும் அடங்கிவிட்டார். "மேய்த்தோம். ஆறில் ஒன்று நொண்டுகிறது, அதற்கு என்ன வைத்தியம்?" என்று அறிக்கை போயிற்று.

"வாயை மூடு" என்றார் உண்மைவிளம்பி.

நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் கஷ்டமாகிவிட்டது. "மூடியிருக்கிறோம். எப்போது திறக்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். பழனாத்தாள் அக்காவுக்கு மாத்திரை போடணும்."

இதைப் படித்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு மனுசன் போனை வைத்துவிட்டு எழுந்து நடந்திருப்பான், திரும்ப வந்து உட்கார்ந்திருப்பான். கடைசியில் பதில் வந்தது: "ஐயா, தயவுசெஞ்சு வாயைத் திறங்க. அக்காவுக்கு முதல்ல மாத்திரையைக் குடுங்க. நீங்க சொன்னதே சரி. நிலா எங்கயும் போகலை. என்னை விட்டுருங்க."

ஜெயித்தாயிற்று. சென்னியப்பன் அதைப் படித்துவிட்டு, தன் வாழ்நாளில் காணாததைக் கண்ட சந்தோஷத்தில் பல் விளக்க மறந்து பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பினார்.

இதோடு இவர்கள் சும்மா இருந்திருக்கலாம். யார் இருப்பது?

"அவரு முகம் வாடிப்போய்ச் சொல்ற மாதிரி இருக்குது" என்றார் அர்த்தநாரி.

"கண்ணாடி, லேசருன்னு முதல்ல சொன்னது நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் காளியண்ணன். "நம்மகிட்ட என்ன இருக்கு, ஒரு தொரட்டிதானே?"

பழனாத்தாள் யோசித்தார். "நாலு சென்டிமீட்டருன்னா ரெண்டு விரக்கடை, ரெண்டு விரல் அகலந்தான். தொரட்டி அதைக் காட்டாது. தம்பி, நாமதான் தப்பு."

நாச்சிமுத்துவுக்கு மேகலாவின் சிரிப்பு கண் முன்னால் வந்தது, கோழிப்பண்ணையும் வந்தது. ஆனாலும் ஒரு பெரிய மனுசன் தங்களால் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவனுக்குத் தாங்கவில்லை. "நீங்கள் இப்போது சொல்வது தவறு. நிலா போகிறது. நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி" என்று எழுதிவிட்டான்.

"போகலைன்னு சொல்றேனில்ல?" என்றார் உண்மைவிளம்பி.

"போகிறது."

"போகலைய்யா. தொரட்டி வெச்சுப் பாத்தீங்கல்ல?"

"தொரட்டியை நம்பக்கூடாது. லேசர் அடித்துப் பாருங்கள்."

சென்னியப்பன் பந்தல்காரர் வீட்டு வாசலிலேயே நின்று போன் போட்டார். "மாப்ள, எனக்குத் தலை சுத்துது. நீங்க இப்ப எந்தக் கட்சி?"

"அவரு கட்சிங்க மாமா."

"அவரு?"

"நம்ம கட்சிங்க."

"அப்ப நீங்க இதுல ஜெயிச்சா?"

"முதல்ல ஜெயிச்சதுல தோத்துருவனுங்க."

"தோத்தா?"

"தோத்துருவனுங்க. ஆனா முதல்ல ஜெயிச்சது அப்படியே நிக்குமுங்க."

சென்னியப்பன் பந்தலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மேகலா அவர் கையிலிருந்த போனை வாங்கி, நடந்ததை எல்லாம் மேலிருந்து கீழே வரைக்கும் படித்தது. படித்துவிட்டு நாச்சிமுத்துவைப் போனில் கூப்பிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு என்னையக் கட்டிக்கோணுமா, வேண்டாமா?"

"கட்டிக்கோணுமுங்க" என்றான்.

"அப்பறம் எதுக்கு ஜெயிச்சதைத் திருப்பிக் குடுத்தீங்க?"

"அவரு தப்பாச் சொன்னாருங்க. பாவமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் அதே சிரிப்பு கேட்டது. மேகலா அப்பாவிடம் போனது. "அப்பா, ரெண்டு பக்கமும் அவரே நின்னு வாதாடியிருக்காரு. எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் உங்க மருமகன்தான் ஜெயிச்சது."

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். அதை அவரால் மறுக்க முடியவில்லை. வாதத்தில் தோற்றுப் பழகியவர்தானே. மறுபடி பந்தல்காரரிடம் ஓடினார்.

நல்ல சேதியை நாச்சிமுத்து உண்மைவிளம்பிக்கும் எழுதினான்: "உங்கள் புண்ணியத்தில் பெண் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன செய்ய?"

பதில் உடனே வந்தது. "சபையில இருக்கற எல்லாரும் போய்க் கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு நல்லா இருங்க. இந்தப் பக்கமே வராதீங்க."

ஆவணி முகூர்த்தத்தன்று மேடையில் சபையின் நாலு பேரும் மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துவும் மேகலாவும் நடுவில். இடது பக்கம் காளியண்ணன், அவருடைய சொந்தப் பெண்சாதியோடு. வலது பக்கம் பழனாத்தாள், கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த புருசனை அப்படியே இழுத்து வந்திருந்தார். அவர் கால் சேற்றைக் கழுவக்கூட விடவில்லை. ஓரத்தில் அர்த்தநாரி தனியாகப் பட்டு வேட்டியில், கையில் மஞ்சள் கயிற்றோடு.

"இதுல மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டார் ஐயர். நாலு பேரும் கையைத் தூக்கினார்கள்.

"என் பக்கத்துல இருக்கறவரு" என்றது மேகலா. "நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க சாமி."

கெட்டிமேளம் கொட்டியது. நாச்சிமுத்து மேகலாவுக்குத் தாலி கட்டினான், மூணு முடிச்சும் சரியாக விழுந்தது. சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளியண்ணன் கட்டினார். பழனாத்தாள், முன்பு ஒருமுறை அவர் கட்டியாகிவிட்டது, இந்த முறை தன் முறை என்று தானே புருசனுக்குக் கட்டினார். அர்த்தநாரி மட்டும் கயிற்றை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். மேளம் நிற்கப் போகிறது. பக்கத்தில் ஒல்லியாக, ஒசரமாக, தலை குனிந்தபடி மைக் ஸ்டாண்டு நின்றுகொண்டிருந்தது. கட்டிவிட்டார்.

பந்தி முடிந்து சாயங்காலம் மைக் செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டே ஸ்டாண்டை எடுக்க வந்தார். அர்த்தநாரி எழுந்து குறுக்கே நின்றார். மரியாதையாகத் தேங்காய் பழத் தட்டை அவர் கையில் கொடுத்துக் காலில் விழுந்தார்.

"என்னங்க இது? ஸ்டாண்டை விடுங்க, நாளைக்குப் பெருந்துறையில ஒரு கல்யாணம் இருக்குது" என்றார் அவர்.

"அதுக்கென்னங்க மாமா" என்றார் அர்த்தநாரி. "நேரத்தைச் சொல்லுங்க, ரெண்டு பேருமா வந்தர்றோம்."