கடலைக் கைவிட்ட அட்மிரல்

கப்பல்கள் பாய் விரித்து ஓடிய காலம் அது. முத்துக்குளித்துறைப் பக்கம் ஒரு கரையூரில் வெள்ளைக்கார அட்மிரல் ஒருவர் வந்து இறங்கினார். தமிழும் அரபியும் படித்த பெருமை அவருக்கு.

"இந்தக் கடல் என்னுடையது. ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் பாவம், பட்டினி கிடந்தார்கள்.

மீன் விற்கிற சூசையம்மாள், "மாதாவே, வாயில நல்ல வார்த்தை தா" என்று வேண்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கடல் ஒங்களுதுன்னு யாரு சொன்னா?"

"என் பதவியின் பெயரே சொல்கிறதே! அட்மிரல் என்பது அரபியிலிருந்து வந்த சொல். அமீர் என்றால் தலைவன். அல் பஹ்ர் என்றால் கடலினுடைய. அமீர் அல் பஹ்ர், கடலின் தலைவன்!"

அவள் முணுமுணுத்துப் பார்த்தாள். "அமீர் அல்... அட்மிரல். அந்த பஹ்ரைக் காணோமே ஐயா?"

"அது எதற்கு என்று எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை எடுத்தபோதே விட்டுவிட்டார்கள்."

"அப்போ கடலை வேண்டாம்னு நீங்களாத்தான விட்டுட்டுப் போனீங்க? விட்டது இங்கேதான் கெடக்கு. நாங்க எடுத்துப் பொழைச்சுக்கிறோம், ராசா!"

கரையில் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. அட்மிரல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். தொப்பியை மறுபடி வைப்பதற்குள் ஊர் வள்ளங்கள் எல்லாம் தண்ணீரில் மிதந்தன.