மூன்று கண்ணாடி, ஒரு சுவர்

ஈரோட்டில் மூன்று கண்ணாடிகள் ஒரே சுவருக்குப் போட்டி போட்ட கதை இது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நான் கதையைச் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

நாச்சிமுத்து நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நெட்டை. சொந்த வீட்டு நிலைப்படியிலேயே தலையைக் குனிந்துதான் நுழைவார். மனைவி தனபாக்கியம் அவர் நெஞ்சுக்குத்தான் வருவாள். குளியலறைக் கண்ணாடியை மாட்டியது அவள் சொன்ன உயரத்தில். அந்த வீட்டில் எதுதான் அவர் சொன்ன உயரத்தில் இருந்தது? கல்யாணமான நாளிலிருந்து முதுகை வளைத்துத்தான் சவரம் செய்துகொண்டார்.

தனபாக்கியம் குளிக்கும் முன் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவாள். குளித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்வாள். பழையது அங்கேயே இருக்கும். "கண்ணாடிக்கு அம்மை வார்த்திருக்குது" என்று அவர் கேலி செய்வார். போன சித்திரையில் ஒரு காலை, அரக்கு நிறப் பொட்டு ஒன்றை அப்படி ஒட்டிவிட்டு, குளித்து, ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டுக்குத் திரும்பியபோது அவள் நெற்றியில் காசு வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு அங்கே அவரும் அந்தப் பொட்டுகளும்தான். காலையில் குனிந்து சவரம் செய்யும்போது, கண்ணாடி ஓரத்தைப் பார்த்து, "இன்னிக்கு ரசம் போதுமா?" என்று கேட்பார். பதில் வராது என்று தெரியும். கேட்காவிட்டால் நாள் முழுக்க வாயைத் திறக்கவே வேலை இருக்காது, அதனால் கேட்பார்.

ஒரு நாள் சவரம் முடித்து நிமிர்ந்தவர் தடுமாறிக் கண்ணாடியைப் பிடித்துவிட்டார். அது ஆணியிலிருந்து கழன்று வாஷ்பேசினில் மோதிக் குறுக்கே விரிசல் விட்டது. அவரும் விழுந்தார். உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் "வழுக்கிருச்சுங்க" என்றார். குளியலறையில் விழுந்தவர் வேறென்ன சொல்வார்? எல்லோரும் நம்பினார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அவர் சவரம் செய்த பிறகுதான் குளிப்பவர். தரையில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை.

செய்தி கேட்டுப் புனேயிலிருந்து மகன் சுதாகரன் ஓடி வந்தான். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா, வீட்டப் பூட்டீட்டு எங்கூட வந்துரோணும்ப்பா" என்றான் கண்டிப்பாக. நாச்சிமுத்து தலையாட்டினார். தையல் போட்ட கையைவிட அந்தச் சொல்தான் வலித்தது. வீட்டைப் பூட்டினால் பொட்டுகளையும் உள்ளே வைத்தல்லவா பூட்ட வேண்டும்?

சுதாகரன் பழைய கண்ணாடியை அளந்து, அதே அளவில் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைச் செய்து வாங்கினான். சுத்தியலால் தட்டிக் காட்டினான், உடையவில்லை. முகம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. அதைப் பற்றி அவன் பேசவில்லை.

சேலத்திலிருந்து வந்த மகள் கோமதியும் பழையதன் அளவிலேயே செய்யக் கொடுத்திருந்தாள். ஆனால் அசல் கண்ணாடி. விளிம்பை மழுக்கி, மூலைகளை உருட்டி, பின்புறம் முழுக்கக் கெட்டியான படலம் ஒட்டியிருந்தது. "ஒடஞ்சாலும் சில்லு இதுலயே ஒட்டிக்கிட்டு நிக்குமுங்கப்பா, கையக் கிழிக்காது" என்றாள். அண்ணனைவிடக் கெட்டிக்காரி.

மூன்றாவது ஆள் தனபாக்கியத்தின் தம்பி வெள்ளியங்கிரி. அக்காவைப் போலவே குட்டை. அக்கா போன பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரப் பிடிக்காமல் இருந்தவர், மச்சானின் கையைப் பார்க்க வந்தார். கை கழுவக் குளியலறைக்குப் போனார். விரிசல் விட்ட கண்ணாடி திரும்பவும் அதே ஆணியில் தொங்கியது. அதில் குனியாமலே அவர் முகம் நேராகத் தெரிந்தது. பக்கத்திலேயே அக்காவின் பொட்டுகள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு வெளியே வந்தார்.

"ஏனுங் மச்சான், இதுல நீங்க எப்பிடி மொகம் பாக்கறீங்க?"

"குனிஞ்சுதான் மாப்ளே."

"நிமிரும்போது?"

நாச்சிமுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரியும் ஒரு கண்ணாடியோடு வந்து இறங்கினார். வாஷ்பேசினிலிருந்து மச்சானின் உச்சந்தலை வரைக்கும் நீளம். படலமும் இல்லை, ஒன்றும் இல்லை, விழுந்தால் சுக்குநூறுதான். "விழுந்தவருக்கு இன்னும் பெரிய கண்ணாடியா மாமா?" என்று சுதாகரன் சிரித்தான்.

ஆக, முதலாவது உடையாது. இரண்டாவது உடைந்தாலும் கிழிக்காது. மூன்றாவது உடையும், கிழிக்கவும் செய்யும். சுவரோ ஒன்று. இனி ஒரு முறை விழுந்தால் அந்த மனிதருக்கு வீடு இல்லை. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

நழுவ மனம் வரவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: வெள்ளியங்கிரி செய்ததுதான் சரி. அப்பா விழுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் யோசித்தார்கள். ஏன் விழுந்தார் என்று மச்சினர் கேட்டார். தரை வழுக்கவே இல்லை. குனிந்து நிமிர்ந்ததில் தலை சுற்றியிருக்கிறது. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று மனிதர் மறைத்துவிட்டார். இனி அவர் குனிய வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி சொல்லி விஷயம் தெரிந்ததும் கோமதி அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். நீளக் கண்ணாடிக்கும் விளிம்பு மழுக்கி, படலம் ஒட்டி, சுவரில் அசையாமல் பொருத்த வைத்தாள்.

பழைய கண்ணாடியிலிருந்து உரித்தபோது பொட்டுகள் பசை காய்ந்து உதிர்ந்துபோயின. அரக்குப் பொட்டு மட்டும் முழுசாக வந்தது. அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, எந்த உயரத்தில் ஒட்டுவதென்று தெரியாமல் நாச்சிமுத்து தவித்தார். "மாப்ளே, இங்க வந்து நில்லு" என்றார். வெள்ளியங்கிரி வந்து நின்றார். கண்ணாடியில் அவர் நெற்றி தெரிந்த இடத்தில் நாச்சிமுத்து பொட்டை வைத்து அழுத்தினார். வெள்ளியங்கிரி நகரவில்லை. அவருக்குப் பின்னால் நாச்சிமுத்து நிமிர்ந்து நின்று, கண்ணாடியைப் பார்த்து, "இன்னிக்கு ரசம் போதுமா?" என்று கேட்டார்.

"போதுமுங்க மச்சான்" என்றார் வெள்ளியங்கிரி.