ஓர் எழுத்துப் பிழை

முதல் குற்றம், முன்னறிவிப்பு இல்லாமல் ஆலைக் கதவைப் பூட்டியது. இரண்டாவது, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் மேல் தடியடி நடத்தியது. மூன்றாவது, சங்கத்துச் செயலாளனே முதலாளி அறைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது. நான்காவது, வழக்கை வாய்தா வாய்தாவாக இழுத்து, வழக்குப் போட்டவர்களில் பாதிப் பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது. ஐந்தாவது, குடியிருந்த லைன் வீடுகளை இடித்தது. ஆறாவது, இடித்த இடத்தில் சாக்கடையைத் திறந்து போட்டது. ஏழாவது, குடும்ப இழப்பு.

அங்கமுத்து இதைத் தினமும் விடியற்காலையில், பல் விளக்குவதற்கு முன்னால், வாய்விட்டுச் சொல்வார். வரிசை மாறக் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் முதல் குற்றத்திலிருந்து ஆரம்பிப்பார். சாமி கும்பிடாத மனிதர். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சுப்ரபாதம் என்றுதான் சொன்னார்கள்.

ஏழாவது குற்றத்துக்குள் இருந்தது அவருடைய ஒரே மகள். சாக்கடைக் கொசு கொண்டுவந்த காய்ச்சலில் போய்விட்டாள். படத்திறப்புக் கூட்டத்தில் அவர் ஒரு மணி நேரம் பேசினார். நகராட்சி நடுங்கியிருக்கும் என்று தோழர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மகளின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் விட்டுப்போனது ஓர் ஆர்க்கிட் செடி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவர் கேலி செய்திருந்தார். "மரத்துல ஒட்டிப் பிழைக்கிற புல்லுருவிக்கு நம்ம வீட்டுல இடமா?"

"இது மரத்துக்கிட்ட எதையும் பிடுங்காதுப்பா. உட்கார இடம் மட்டும்தான் கேட்கும்."

இப்போது அந்தச் செடி வாடிக்கொண்டிருந்தது. சேர்வராயன் மலையில் ஒரு குடிலில் செங்கமலத்தம்மா என்று ஒரு துறவி இருக்கிறார், பட்டுப்போன செடியையும் எழுப்புவார் என்று யாரோ சொன்னார்கள். அங்கமுத்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செங்கமலத்தம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. காவி இல்லை. தோளில் சிவப்புத் துண்டோடு வாசலில் நின்றவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"கும்பிட வரலைம்மா. செடிக்காக வந்தேன்."

"நல்லதாப் போச்சு தோழர். செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

இலைகள் தோல் சுருங்கித் தொங்கின. அம்மா தொட்டுப் பார்த்தார்.

"தண்ணி?"

"குறையே வைக்கலை. தினமும் ஒரு செம்பு. இலை வாட வாட இன்னொரு செம்பு."

"எந்நேரம் ஊத்துவீங்க?"

"விடியக்காலம். குற்றப்பத்திரிகை சொல்லிக்கிட்டே ஊத்துவேன்."

அம்மா ஒரு பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். அழுகல் வாடை எழுந்தது. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. தொட்டியின் அடியில் ஓட்டையே இல்லை.

"இது தாகத்துல வாடலை. முங்கிப்போயிருக்கு. வேர் அழுகினா குடிக்க வாய் கிடையாது. மேல இருந்து பார்த்தா தாகம் மாதிரியேதான் இருக்கும்."

"அப்படின்னா நான்தான்..."

அம்மா கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாருங்க. கெட்டியா இருந்தா விட்டுடுங்க. நசுங்கினா வெட்டுங்க."

"எல்லாம் அவ வளர்த்த வேரும்மா."

"ஆமா."

"வெட்டினா என்ன மிஞ்சும்?"

"வெட்டாம எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவர் முதல் வேரைப் பிடித்தார். தோல் ஈரத்துணி போலக் கழன்று விரலோடு வந்தது. உள்ளே ஒரு நூல்தான் இருந்தது. வெட்டினார். அடுத்ததை வெட்டினார். தடியடியில் மண்டை உடைந்தபோதும் முழக்கத்தை நிறுத்தாத மனிதர், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தரிக்கோலைக் கீழே வைத்து எடுத்தார். கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு வேர் மிஞ்சியது. வெள்ளி நிறம். அழுத்தினார். நசுங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தப்போனார்.

"போதும். அதையும் சோதிச்சே கொன்னுடாதீங்க."

வெட்டிய இடங்களில் அம்மா இலவங்கப்பட்டைப் பொடியைத் தடவினார். ஓட்டை நிறைய இருந்த மண்தொட்டியில் மரப்பட்டையும் கரியும் போட்டுச் செடியை நிறுத்தினார். பழைய தொட்டியைக் கழுவினார். சேறு போனதும் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட் எழுத்துகள் தெரிந்தன.

"பொற்கொடி. உங்க மகளா?"

"அவ பேரு அது இல்லை. போர்க்கொடி. ஆலை வாசல்ல கொடி ஏத்தின அன்னிக்குப் பிறந்தா, நான் வெச்ச பேரு. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் போரை எடுத்துட்டுப் பொன்னைப் போட்டுட்டார். மனு மேல மனு கொடுத்துத் திருத்தினேன்."

"இது வாத்தியார் கையெழுத்தா?"

"இல்லை. அவளோடது. வம்புக்கு அப்படியேதான் எழுதுவா. எழுத்துப் பிழைம்மா."

அம்மா தொட்டியை வெயிலில் காயவைத்தார்.

வேர் பிடிக்கும்வரை தங்கிக்கொள்ளலாம் என்றார். தண்ணீர் செம்பை மட்டும் எடுத்து மறைத்து வைத்தார்.

"ஊத்தாம சும்மா எப்படிம்மா இருக்கிறது? கையை எங்க வைக்கிறது?"

"மடியில."

மறுநாள் விடியற்காலையில் அங்கமுத்து வெறுங்கையோடு செடி முன்னால் நின்று முதல் குற்றத்தை ஆரம்பித்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து கேட்டார். ஏழாவது முடிந்ததும் எழுந்தார்.

"நல்ல குரல் தோழர். ஒரு சந்தேகம். ஆலை வருது, கதவு வருது, சாக்கடை வருது. ஏழாவதுல யாரு?"

அவருக்குக் கோபம் வந்தது.

"தெரியும்மா, எங்க வர்றீங்கன்னு. எல்லாத்தையும் மன்னிச்சு மறந்துடணும், அதானே? இந்த உபதேசத்தை ஆலை வாசல்லயே கேட்டிருக்கேன்."

"நசுங்கினதைத்தான் வெட்டச் சொன்னேன். கெட்டியா இருக்கிறதை யாரு கேட்டா?"

அதற்குப் பிறகும் விடியற்காலையில் அவர் செடி முன்னால் நின்றார். ஆறு குற்றங்களும் கணீரென்று வந்தன. ஏழாவதற்கு வரும்போது வாய் திறக்கும், சத்தம் வராது. சமையல் செய்யும் பெருமாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பித்த காலத்தில், மிஞ்சிய வேரின் நுனியில் பச்சையாக ஒன்று முளைத்தது. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றார் அம்மா.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் இருந்தது. பிழைத்துப் போகும் செடிக்குத் தகட்டில் பெயர் எழுதி, இருக்கிறவர்கள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும்.

பெருமாயி வந்தாள். குடிலிலேயே தங்கிவிட்ட பழைய பஸ் கண்டக்டர் இஸ்மாயிலும் வந்தார்.

"இது எதுக்கும்மா?" என்றார் அங்கமுத்து.

"நாளைக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, செடியும் இருக்காது. கேட்டவங்க ரெண்டு பேராவது இருக்கணும்ல."

"சுருக்கமா முடிங்க தோழர்," என்றார் இஸ்மாயில். "உங்க பேச்சுக்கு பஸ் நிக்காது."

அங்கமுத்து தூரிகையை வாங்கினார். ஆயிரம் சுவரில் எழுதிய கை. 'போ' என்று போட்டது. நின்றது. ஈரம் காய்வதற்குள் கட்டைவிரலால் அதைத் துடைத்தார். குனிந்து, மெதுவாக, மறுபடியும் எழுதினார்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"பிழையைத் திருத்தியாச்சா?"

"ஆச்சும்மா."

"வாசிங்க. சாட்சி இருக்கு."

மேடைக்கு ஏறும்போது செய்வதுபோல அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்த குரல் மேடைக் குரலாக இல்லை. பெருமாயி காதைத் திருப்பி, "கேக்கலைங்க, என்ன பேரு?" என்றாள்.

அவர் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"பொற்கொடி."