மொச்சை பொறுக்கிய ஆவி

போர்க்களத்தில் யானையே எதிரே வந்தாலும் அசைய மாட்டான் வேழக்கோ அரசன். ஆவி என்றால் மட்டும் தொடைநடுங்கி. இது அமைச்சர் ஆந்தையாருக்குத் தெரியும். அவை விகடன் மருதன்மேல் ஆந்தையாருக்கு வயிற்றெரிச்சல் என்பதோ ஊருக்கே தெரியும்.

மூன்று நாளாக உச்சிவேளையில், காலமான பெரிய அரசரின் அறையிலிருந்து குரல் கேட்டது. “மகனே! மருதனை நாடு கடத்து!” அந்த நேரத்தில் ஆந்தையார் கோயிலில் இருப்பதாகக் கேள்வி.

அரசன் அழுதேவிட்டான். “மருதா, அப்பா சொல்லை நான் தட்டியதே இல்லை. நாளை மாலைக்குள் போய்விடு.”

எங்கே போவான் மருதன்? வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. இருந்தாலும் அவன் மூளை சும்மா இருக்குமா?

“போகிறேன், அரசே. அதற்குமுன் நம் யவனக் காவலன் மார்க்கனைக் கேளுங்கள். ஆவிகளை வழியனுப்ப அவன் ஊரில் ஒரு முறை உண்டாம்.”

மார்க்கன் சொன்னான்: “வீட்டுத் தலைவர் வெறுங்காலோடு நின்று, கறுப்பு மொச்சையை ஒன்பது முறை முதுகுக்குப் பின்னால் எறிவார். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆவி வந்து பொறுக்கிக்கொள்ளும். வெண்கலத்தைத் தட்டினால் வீட்டைவிட்டே போய்விடும். நள்ளிரவில்தான் செய்வோம்.”

“நள்ளிரவா? வேண்டாமப்பா, உச்சிவேளையே போதும்!” என்றான் அரசன் அவசரமாக.

“செய்துதான் பாருங்களேன்” என்றார் ஆந்தையார், மீசைக்குள் சிரித்தபடி.

மறுநாள் குரல் வந்தது. அறைக்கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, ஒன்பது பிடி மொச்சையை உள்ளே வீசினான் அரசன். மார்க்கன் தாம்பாளத்தைத் தட்டிய தட்டில் அரண்மனையே அதிர்ந்தது. இருட்டறைக்குள் யாரோ மிரண்டு ஓடும் சத்தம். அப்புறம் ‘தொம்!’

“ஐயோ, என் இடுப்பு!”

“அப்பாவுக்கு அடிபட்டுவிட்டதே!” என்று பதறினான் அரசன்.

“திரும்பாதீர்கள் அரசே, நான் பார்க்கிறேன்.” மருதன் எட்டிப் பார்த்தான். மொச்சைக்கு நடுவே மல்லாந்து கிடந்தார் ஆந்தையார். “அமைச்சரே, நீங்களா?”

ஆந்தையார் திருதிருவென்று விழித்தார். “நா... நான் இல்லை. பெரிய அரசர் என்மேல் இறங்கியிருக்கிறார்!”

மருதன் பயபக்தியோடு கைகூப்பினான். “வாருங்கள், பெரிய அரசே! மொச்சையெல்லாம் உங்களுக்குத்தான். ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு அரண்மனையை விட்டுப் புறப்படுங்கள். ஆவி இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், காவலரைக் கூப்பிடுகிறேன்.”

ஆந்தையார் முனகியபடி எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார்.

அரசனுக்கு எல்லாம் விளங்கியது. வயிறு குலுங்கச் சிரித்தான். அப்போதும் திரும்பவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வீசினான்.

“மருதா, அது உனக்கு! ஆவி பொறுக்குவதற்குள் நீ பொறுக்கிக்கொள்!”