பாக்கு வாங்கிய தரகர்

முன்னொரு காலத்தில் ஆவரங்காடு என்ற நாட்டைச் சிங்கமகுடன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நாட்டை அவர் ஆண்டார், அவரை அவருடைய வயிறு ஆண்டது. காலையில் இட்லி பூப்போல வந்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும். கல்லாக வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தலை நிச்சயமில்லை. இந்த மனிதரிடம் பல வருஷமாக அமைச்சராக இருந்து, தலையும் வேலையும் போகாமல் காப்பாற்றிக்கொண்டவர் மருதப்பிள்ளை. அது ஒன்றே அவருடைய புத்திக்குப் போதுமான சாட்சி.

அந்த மருதப்பிள்ளை ஒரு நாள் சபைக்குள் நுழையும்போதே அன்றைய இட்லி கல் என்று தெரிந்துகொண்டார். ராஜாவின் முகம் இட்லியின் கதையைச் சொல்லிவிட்டது. பக்கத்தில், அமைச்சருக்கு அடுத்த பதவியிலிருந்த தானாதிபதி கொடுக்கப்பர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கொடுக்கப்பருக்கு அமைச்சர் பதவி மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

வழக்கோடு வந்து நின்றவர் வீட்டுத் தரகர் ஏகாம்பரம். கொடுக்கப்பருக்குச் சகலை. எதிரே வளையல் வியாபாரி வேலப்பனும் அவன் மனைவி பேச்சியம்மாளும் நின்றார்கள்.

"மகாராஜா, இவர்கள் வீடு பார்த்துத் தரச்சொல்லி எனக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். நானும் வெயில் பார்க்காமல் அலைந்தேன். கடைசியில் என்னை அம்போ என்று விட்டுவிட்டு, வீட்டுக்காரியிடம் நேராகவே பேசி வாங்கிவிட்டார்கள். விலையில் பத்தில் ஒரு பங்கு எனக்குச் சேர வேண்டும்" என்றார் தரகர்.

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மகாராசா, இவரு காட்டினது மூணு வீடு. ஒண்ணுல கெணத்துல தண்ணி இல்ல. ஒண்ணுல கூரை இல்ல. மூணாவது வீட்டுல ஏற்கெனவே ஆளு குடியிருக்காங்க, அவங்களுக்கே விக்கிற சேதி தெரியாது! நான் வளையல் விக்கப் போன இடத்துல வீட்டுக்காரி அன்னக்கிளி அம்மா, மக ஊருக்கே போறேன், நீயே வீட்ட எடுத்துக்கன்னாங்க. இருந்ததையெல்லாம் வழிச்சுக் கொடுத்துட்டோம். இவருக்குக் கொடுக்க இனி அந்த வீட்டத்தான் விக்கணும்."

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். மருதப்பிள்ளைக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எத்தனை வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளியிருப்பாளோ, பாவம்.

கொடுக்கப்பர் முன்னால் வந்தார். "பிரபு, பாக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கு ஒரு வருஷம் கட்டு. அதற்குள் எந்த வீட்டை, யார் மூலமாக வாங்கினாலும் தரகருக்குப் பங்கு உண்டு. தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம் இது."

பாட்டனார் பேரைக் கேட்டதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வழக்கம் மாறக்கூடாது! ஆனால் இந்தப் பெண் அழுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அமைச்சரே, வழக்கமும் நிற்க வேண்டும், வீடும் இவளுக்கு நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்த்துவையும். முடியாவிட்டால் உம்முடைய அமைச்சர் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கப்பருக்குக் கொடுத்துவிடும்."

சமையற்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை அப்போதே வந்துகொண்டிருந்தது.

மருதப்பிள்ளை பேச்சியம்மாளை அருகே கூப்பிட்டார். "இருப்பதைக் கொடுத்தோம் என்றாயே அம்மா, அது வீட்டுக்குப் போதுமான விலையா?"

"இல்லீங்க, கொறச்சல்தான். மிச்சத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கோம்" என்று அவள் அந்த வாக்கைக் காதோடு காதாகச் சொன்னாள். அமைச்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, வாசல் காவலனை எங்கோ அனுப்பினார்.

பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார். "தானாதிபதி சொன்னது நிஜம்தான். பாக்குக் கொடுத்தால் கட்டுதான். ஆனால் பாக்கு வாங்கிய தரகர் வாங்குகிறவருக்குப் பிணை. வீட்டோடு வரும் வாக்குகளில் பாதி அவர் தலையில். இதுவும் அதே பாட்டனார் வழக்கம்தானே?"

"அதிலென்ன சந்தேகம்?" என்றார் கொடுக்கப்பர், மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே. "வழக்கத்தில் ஒரு மயிரிழையும் குறையக்கூடாது."

"ஏகாம்பரம், உமக்கும் சம்மதம்தானே?"

"முழுச் சம்மதம் பிரபு! இது நான் முடித்த வியாபாரம் மாதிரிதான்."

அந்த நேரம் வாசலில் கதவு அளவுக்கு ஒருவர் வந்து நின்றார். உள்ளே வரத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. அன்னக்கிளியின் தாய்மாமன், பழைய பயில்வான் மலையாண்டி. வயசு எழுபதுக்கு மேல் இருக்கும், பசிக்கு மட்டும் இருபதுதான்.

"இவர் வீட்டோடு வருகிறவர்" என்றார் மருதப்பிள்ளை. "உயிருள்ளவரை இவருக்கு இரண்டு வேளையும் வயிறாரச் சோறு போடுவது என்று வாக்கு. பகல் சாப்பாடு பேச்சியம்மாள் போடுவாள். ராத்திரிச் சாப்பாடு தரகர் வீட்டில். பயில்வானே, ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீர்?"

"ராத்திரிக்கு அதிகம் வேண்டாம் சாமி" என்றார் மலையாண்டி கூச்சத்தோடு. "ரெண்டு படி அரிசிச் சோறு, ஒரு முழுக் கோழி, பால் ஒரு குடம். படுக்கும்போது வாழைப்பழம், தாரோட."

ஏகாம்பரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ மகாராஜா! இந்த வியாபாரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இந்த வீட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களாகப் பேசினார்கள், அவர்களாக வாங்கினார்கள்!"

"அப்படியானால் பாக்கு?"

தரகர் மடியிலிருந்த வெற்றிலைப் பையையே அவிழ்த்துப் பேச்சியம்மாள் கையில் கொட்டினார். "எடுத்துக்கோ தாயே! கட்டு விட்டது, சபையே சாட்சி!"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் காலையில் தின்ற இட்லியும் செரித்துவிட்டது. கொடுக்கப்பரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனய்யா, சகலை பின்வாங்கிவிட்டாரே. அந்தப் பங்கை நீர் எடுத்துக்கொள்கிறீரா?" கொடுக்கப்பர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

மருதப்பிள்ளைக்குக் கையோடு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அவரோ விடவில்லை. "பிரபு, ஒரு நியாயம் பாக்கி. மூன்று வீடு காட்ட இந்த மனிதர் வெயிலில் நடந்தது நிஜம். வாங்காத வீட்டுக்குத் தரகு இல்லை, நடந்த காலுக்குக் கூலி உண்டு."

பேச்சியம்மாள் உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நடைக்கூலியை அங்கேயே எண்ணிக் கொடுத்தாள். "நாளைக்குப் பால் காய்ச்சுறோம், நீங்களும் சாப்பிட வரணும்" என்று தரகரை வாயாரக் கூப்பிடவும் செய்தாள். பத்தில் ஒரு பங்கு போனாலும் விருந்தாவது மிஞ்சியதே என்று ஏகாம்பரம் மறுநாள் முதல் ஆளாகப் போய், இலையில் உட்கார்ந்தார்.

பக்கத்து இலையில் மலையாண்டி வந்து உட்கார்ந்தார். இரண்டு இலையிலும் பரிமாறி முடித்தார்கள். தரகர் திரும்பித் தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், அவருடைய இலையில் உப்பு மட்டும் இருந்தது.