சர்க்கரை போடாத காப்பி

மலையடிவாரத்தில் பூங்காவனத்தம்மாவின் குடில் இருந்தது. சாமி கும்பிட வருகிறவர்கள் தங்க அங்கே சில அறைகளும், உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடமும் உண்டு. அம்மாவைத் தேடிவந்து பலர் சீடர்களானார்கள். அம்மாவோ எப்போதும் சமையலறையில் இருந்தார். ஞானம் கேட்டுப் போனால் முதலில் ஒரு கூடை கத்தரிக்காய்தான் கிடைக்கும் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

சீடர்களில் நாச்சிமுத்து குருவைவிட இருபது வயது மூத்தவர். வெளியூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராகப் பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாரும் சொல்லாமலே அவர் கைக்கு வந்தது.

வந்த அன்றே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, இங்க வர்றவங்க ஒரு கொறைகூடச் சொல்லாமத் திரும்பிப் போகணும். அப்படிக் கவனிக்கறதுக்கு என்ன வழிங்க?"

அம்மா கத்தரிக்காய்க்குக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார். "பார்க்கலாங்கய்யா" என்றார். அதோடு சரி.

நாச்சிமுத்து தானே வழி கண்டுபிடித்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் தண்ணீர்ச் சொம்பு முன்னால் நிற்கும். கேட்பதற்கு முன்பே வெந்நீர் வரும். தலையணை உறையில் சுருக்கம் இருக்காது. போனவர்கள் அவரைப் பற்றி ஊரில் சொன்னார்கள். கேட்டவர்கள் தேடி வந்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான். ஆனால் நல்ல பெயர் கண்ணாடிச் சாமான் மாதிரி, வைத்திருக்கிறவனுக்கு நிம்மதி கிடையாது. யார் எப்போது முகம் சுளிப்பார்களோ என்று நாள் முழுக்க அவருக்கு உதறல்தான்.

ஒரு நாள் வெயில் சாயும் நேரத்தில் ஒருவன் தனியாக வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மொட்டைத் தலை. கையில் பை இல்லை.

"வாங்க, வாங்க. முடி எறக்கியாச்சுங்களா?" என்று வரவேற்றார் நாச்சிமுத்து. மொட்டையோடு வருகிறவர்களை அந்த ஊரில் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

அவன் அவரை ஒரு பார்வை பார்த்தான். "ஆச்சுங்க. ஒரு ரூம் வேணும். இன்னிக்கு மட்டும்."

"வெந்நி போடச் சொல்லட்டுங்களா? மேல கோயில்ல சாயங்கால பூசைக்கு..."

"ஒண்ணும் வேண்டாங்க."

தண்ணீர்ச் சொம்பை வாங்கினான். குடிக்காமல் பக்கத்தில் வைத்தான். அப்போதுதான் நாச்சிமுத்து அவன் தலையைச் சரியாகப் பார்த்தார். வேண்டுதலுக்கு முடி இறக்கியவர்கள் தலை நிறையச் சந்தனம் பூசியிருப்பார்கள். இவன் தலையில் சந்தனம் இல்லை. இரண்டு மூன்று வாரம் இருக்கும் போல, முடி முள் முள்ளாக முளைத்திருந்தது.

பை இல்லாத கையையும் ஒருமுறை பார்த்தார்.

"உக்காருங்க தம்பி. சாவி எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். அங்கே அம்மாவும் சமையல்காரி பாவாத்தாளும் இருந்தார்கள்.

"அம்மா, ஒருத்தர் தனியா வந்திருக்காருங்க."

"வரட்டுமே."

"பை இல்லீங்க. தண்ணி குடிக்கலீங்க. ரூம் எப்படி இருக்கும்னுகூடக் கேக்கலீங்க." அவர் குரல் தாழ்ந்தது. "எங்க லாட்ஜில தனி ஆளுக்கு ரூம் கெடையாதுன்னு போர்டு மாட்டியிருந்தோம். மாட்டறதுக்கு முந்தி ஒருத்தருக்கு நாந்தான் குடுத்தேன். ரொம்ப நல்ல மனுசன். ஒரு கொறை சொல்லலீங்க. விடிஞ்சப்பறம் கதவை ஒடைச்சுத்தான் தொறந்தோம்."

பாவாத்தாளின் கரண்டி சட்டிக்குள் அப்படியே நின்றது.

"இவரும் அதுக்குத்தான் வந்திருக்காருன்னு எனக்குத் தோணுதும்மா. உசிரை விட வந்த முகம் எனக்குத் தெரியுங்க. ரூம் இல்லைன்னு சொல்லிடட்டுங்களா?"

"இல்லைன்னா எங்க போவாரு?"

நாச்சிமுத்துவுக்குப் பதில் தெரியும்.

"குடுங்க. இந்தச் சமையக்கட்டை ஒட்டின ரூமைக் குடுங்க" என்றார் அம்மா.

நாச்சிமுத்து திகைத்துப்போனார். அந்த அறையை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. பாத்திரச் சத்தமும் தாளிக்கிற புகையும் நேராக அதற்குள்தான் போகும். போதாததற்கு உள்தாழ்ப்பாள் வேறு விழாது. ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தாழ்ப்பாளே விழாதுங்கம்மா."

"அதுதான் வேணும். வாளியில தண்ணி வெய்யுங்க. மொள்றதுக்கு ஒண்ணும் வெக்காதீங்க." பிறகு திரும்பினார். "பாவாத்தா, ஒரு காப்பி கலந்து குடு. சர்க்கரை போடாத."

"கசக்குமேம்மா."

"கசக்கட்டும்."

நாச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்கம்மா, நொந்து வந்த மனுசனை இப்படியா கவனிக்கறது?"

"நீங்க அந்தக் கதவுகிட்டயே உக்காந்துக்குங்க. எந்திரிக்க வேண்டாம். காது உள்ள இருக்கட்டும்."

நாச்சிமுத்து அவனை அந்த அறையில் விட்டார். காப்பியை உள்ளே கொடுத்தார். வாசலை ஒட்டி ஒரு பலகையில் உட்கார்ந்து, மடியில் அவரைக்காயைப் போட்டுக்கொண்டு நார் உரிப்பதுபோல் பாவனை செய்தார். கை ஓடவில்லை. உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவருக்குப் பழக்கமானது. முன்பு ஒருமுறை லாட்ஜில் அதை மரியாதை என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறார்.

பொறுக்கமாட்டாமல் தம்ளர் எடுக்கும் சாக்கில் உள்ளே போனார். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தம்ளர் காலியாக இருந்தது.

வெளியே வந்து அதை அம்மாவிடம் காட்டினார்.

"பூராவும் குடிச்சுட்டாருங்க. கசக்குதுன்னுகூடத் தெரியலீங்க."

அம்மாவின் கையும் நின்றது. முகம் மாறியது. அதைப் பார்த்தபோதுதான் நாச்சிமுத்துவுக்குப் பயம் முழுசாக வந்தது. அதுவரை அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தார்.

"போலீசுக்குச் சொல்லிடலாங்களா?"

"சொல்லலாம். அதுக்கு முந்தி ஒண்ணு பார்ப்போம்." அம்மா தானே அடுப்பைத் தூண்டிவிட்டார். "பாவாத்தா, மொளகாய் வறு."

"எத்தனைம்மா?"

"அள்ளிப் போடு."

வரமிளகாய் வாணலியில் கருகத் தொடங்கியது. நெடி எழுந்து பக்கத்து அறைக்குள் திரண்டு போனது. பாவாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வறுத்தாள். அம்மாவுக்குத் தும்மல் வந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அவரைக்காய் மடியிலிருந்து சிதறியது. எடுக்கவில்லை. காது மட்டும் உள்ளே இருந்தது.

உள்ளே ஒரு இருமல் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. அடுக்கடுக்காய் இருமல்.

கதவு படாரென்று திறந்தது.

"ஏங்க, இதென்ன ரூமா, சூளையா?" கண்ணெல்லாம் சிவந்து, கத்திக்கொண்டு வந்தான். "மனுசன் இருக்கறதா, போறதா? காப்பியில சர்க்கரை இல்லை. வாளி வெச்சீங்களே, மொள்றதுக்கு ஒரு சொம்பு வெச்சீங்களா? தாழ்ப்பாள் போட்டா விழ மாட்டேங்குது. ஊரெல்லாம் இந்தக் குடிலைப் பத்திப் பெருமை பேசறாங்க. இதுதான் உங்க கவனிப்பா?"

தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்திருக்கிறான். நாச்சிமுத்துவுக்கு அது உறைத்தது. பழக்க தோஷத்தில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அம்மா கண்ணாலேயே அவரை நிறுத்தினார்.

பாவாத்தாளை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. புகையில் வெந்துகொண்டிருந்தவள் அவள்தான். அவள் காப்பியை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"சர்க்கரை இல்லைன்னா அப்பவே கேக்கறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? பொழுதுக்கும் உம்முனு குத்தவெச்சிருந்துட்டு, குடிச்ச காப்பிக்கு இப்ப வந்து நாயம் கேக்கற. உங்கம்மா உனக்கு வாயத் தொறந்து கேக்கக் கத்துக்குடுக்கலியா தம்பி?"

அவன் அப்படியே நின்றான். கை கதவின் நிலையைப் பிடித்தது. மெல்லச் சரிந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. சின்னக் குழந்தை அழுவதுபோல் வாய்விட்டு அழுதான்.

பாவாத்தாள் பயந்துபோனாள். "ஐயோ, என்ன தம்பி, நான் ஏதோ கோவத்துல..."

"இல்லீங்கக்கா. திட்டுங்க." அவன் மூச்சை இழுத்தான். "எங்க வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்தை திட்டலீங்க."

அவன் பெயர் ஜெகதீசன். தன்னைப் பெற்ற அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் காரை ஓட்டியவன் அவன். ஒரு கணம் கண்ணசந்துவிட்டான். அவனுக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. அவன் அம்மா போய்விட்டார்.

"காரியமெல்லாம் முடிஞ்சதுங்க. அப்பா ஒண்ணும் கேக்கலை. தங்கச்சி ஒண்ணும் கேக்கலை. எல்லாரும் சாப்புடு, சாப்புடுன்னு தட்டைக் கொண்டாந்து முன்னால வெக்கறாங்க. நான் உள்ள போனா பேச்சை நிறுத்திடறாங்க. ஒருத்தராச்சும் சட்டையைப் புடிச்சு ஏண்டா தூங்குனேன்னு கேக்கணுமில்லீங்களா? கேட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? காலையில கெளம்பி வந்துட்டேன். திரும்பற நெனப்பு இல்லீங்க."

தாய்க்காக எடுத்த அந்த மொட்டையைப் பார்த்துத்தான் நாச்சிமுத்து சிரித்த முகத்தோடு விசாரித்திருந்தார். வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

"முடி எறக்கியாச்சான்னு கேட்டது தப்புங்க தம்பி. கண்ணிருந்தும் பார்க்கலை."

ஜெகதீசன் தலையை ஆட்டினான். கோபமில்லை.

பாவாத்தாள் இலை போட்டாள். சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ ஏன் தூங்குன? அத்தனை தூரம் ஓட்டறவன் நிறுத்தி மூஞ்சி கழுவ வேண்டாமா?" என்றாள்.

"கழுவியிருக்கணுங்கக்கா."

"கழுவியிருக்கணும். இப்ப சாப்புடு."

சாப்பிட்டான். ஒரு வாய், இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்து, "உப்புக் கம்மிங்க" என்றான்.

"கை இருக்குதில்ல, போட்டுக்க" என்று உப்பு டப்பாவை நகர்த்தினாள்.

அம்மா அவன் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீங்க இங்க இருக்கறது வீட்டுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுங்க."

"என்ன நெனப்புல வந்தீங்கன்னு அப்பாகிட்டச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, இந்த ஐயா சொல்லட்டுமா?"

அவன் இலையை மடித்தான். பிறகு நாச்சிமுத்துவிடம் அப்பாவின் போன் எண்ணைச் சொன்னான். நாச்சிமுத்து போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு கிழவர் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைக் கேட்டார். "இருக்கறானுங்களா? இருக்கறானுங்களா?"

அன்றைக்கு அவனைக் கூடத்தில், காவடி எடுத்து வந்தவர்களுக்கு நடுவில் படுக்கவைத்தார்கள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நாச்சிமுத்து என்று மாறி மாறி விழித்திருந்தார்கள். குறட்டையில் தூங்க முடியவில்லை என்று அவன் முணுமுணுத்தான். நாச்சிமுத்து சமாதானம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்து, வெயில் முற்றத்துக்கு வந்த நேரத்தில் அப்பா வந்தார். உடன் தங்கையும் வந்திருந்தாள். அவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக மகனிடம் போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

"சொல்லாமக் கொள்ளாம எங்கடா போன? ஏண்டா தூங்குன? அவளுந்தான் போயிட்டா, நீயும் போனா நான் யாருகிட்டடா கேக்கறது?"

உலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அவன் மேலேயே சாய்ந்துகொண்டார். தங்கை இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பாவாத்தாள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கிளம்பும்போது அம்மா அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, அண்ணனைக் கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம், ஊரில் ஒரு நல்ல மனநல டாக்டரிடமும் அழைத்துப் போங்கள் என்று சொன்னார்.

மூவரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். ஜெகதீசன் அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். காற்று இந்தப் பக்கம் அடித்ததில் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"...சர்க்கரையே போடலீங்கப்பா... புகை பாருங்க, கண்ணைத் தொறக்க முடியலை... தாழ்ப்பாள்னு ஒண்ணு இருக்குது, விழவே மாட்டேங்குது..."

நாச்சிமுத்து வாசலில் நின்று கேட்டார். மனசு நிறைந்திருந்தது, கண்ணும்தான். ஆனாலும் பாதி ஆயுள் மேனேஜராக இருந்தவர், பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

"அம்மா, இத்தனை கொறையையும் ஊருக்குப் போய்ச் சொல்லுவாரு போலிருக்குதுங்களே."

அம்மா அவர்கள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டுங்கய்யா. சொல்றதுக்காச்சும் ஊரு போய்ச் சேருவாரில்லீங்களா."